கமரா நின்ற கரை: மட்டக்களப்பு வாவியும் நிலக்காட்சி ஒளிப்படமும்

மலை, ஆறு, காடு, கடல் முதலிய இயற்கைத் தோற்றங்களையே பொருளாகக் கொள்ளும் நிலக்காட்சி ஒளிப்படம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தனித்துறையாக உருப்பெற்றபோது, தன் இலக்கணத்தைப் பெரும்பாலும் ஓவியத்திடமிருந்தே பெற்றது. முன்னே இருண்ட பாறையோ மரமோ, நடுவே பள்ளத்தாக்கில் வளைந்தோடும் ஆறு, பின்னே மூடுபனியில் மங்கிச் செல்லும் முகடுகள் என அடுக்கடுக்காக அமைந்த தோற்றமே படமாக்கத் தகுந்த காட்சி என்று கொள்ளப்பட்டது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் எல்பே ஆற்றின் மருங்கே செங்குத்தாக எழும் மணற்கற் பாறைகளை ஹெர்மன் குரோனே 1853இல் படமெடுத்தார். நிலக்காட்சி ஒளிப்படத்தின் தொடக்கப் பணிகளுள் ஒன்றாக மதிக்கப்படும் அம்முயற்சியை நினைவுகூரும் கல்வெட்டொன்று அங்குள்ள பாஸ்டைப் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. பாறையும் பள்ளத்தாக்கும் வகுத்துக் கொடுத்த இந்த இலக்கணத்துக்குள், உயரமோ ஆழமோ இல்லாத ஒரு நீர்நிலை எவ்வாறு நுழைந்தது என்பதை ஆராய்வதற்கு இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவி தக்க எடுத்துக்காட்டாகும்.

இலங்கைக்கு ஒளிப்படக் கலை பிந்தி வரவில்லை. கல்கத்தாவில் தொழில் நடத்திய பிரெடெரிக் ஃபீபிக், 1850களின் தொடக்கத்திலேயே இத்தீவின் காட்சிகளைப் படமெடுத்து, அவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டினார். 1860களின் பிற்பகுதியில் கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும், அடுத்த பத்தாண்டில் கண்டியில் சார்ல்ஸ் ஸ்கோவனின் படப்பிடிப்பகமும் நிலைபெற்றன. ஜோசப் லோட்டன் 1870–71ஆம் ஆண்டுகளில் தொல்லியற் குழுவுக்காக அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் பதிவுசெய்தார். இவர்கள் விட்டுச்சென்ற படத்தொகுதிகளில் கடுகண்ணாவைக் கணவாயின் பாறைச் சரிவு, பேராதனையில் மகாவலி கங்கை, தேயிலை மலைகள், இடிந்த தாதுகோபங்கள் ஆகியவையே திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. கிழக்குக் கரையின் களப்புகளுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

இந்தப் புறக்கணிப்புக்கு நிலத்தின் அமைப்பு முதற் காரணமாகும். இலங்கையில் மணற்கல் மேற்குப் பகுதியின் தப்போவ, ஆண்டிகம போன்ற சில இடங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. கிழக்கு மாகாணமோ நைஸ் எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறையின் மேல் அமைந்தது. அப்பாறை குடும்பிமலை போன்ற தனிக்குன்றுகளாக உள்நாட்டில் ஆங்காங்கே எழுந்து நிற்கின்றதே அன்றி, வாவியின் விளிம்பில் செங்குத்துச் சுவராக நிற்பதில்லை. கடலிலிருந்து கரையை அடையாளங் காண்பதற்கு அக்குன்றுகள் பயன்பட்டதால் ஆங்கிலேயர் குடும்பிமலைக்கு 'பேரன்ஸ் கேப்' என்று பெயரிட்டு வரைபடத்தில் குறித்தனர். வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரைக்கு இணையாகக் கிடந்தும், அகன்ற இடத்தில்கூட 4 கிலோமீற்றரைத் தாண்டாத ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பாகும். அதன் கரைகளில் கண்டல், தென்னை, வயல் என எல்லாமே கண்மட்டத்திலேயே விரிகின்றன.

ஆகவே, மட்டக்களப்பு உலகறியப் புகழ்பெற்றது காட்சியால் அன்று, ஒலியால் எனலாம். குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1848இல் இங்கு வந்தபோது நிலவொளியில் தோணியேறிச் சென்று, நீருக்கடியிலிருந்து எழுந்த இசையொத்த ஓசையைக் கேட்டார். மீனவர் அவ்வோசைக்கு ஊரி எனப்படும் சிப்பியினமே காரணம் என்றனர். அவர் 1859இல் வெளியிட்ட நூலின் வழியாக, அவ்வோசையைச் சார்ந்த பாடும் மீனின் கதை ஐரோப்பிய வாசகரிடையே பரவியது. அந்நூலின் படங்கள் மரச்செதுக்குகளே. இரவில் கேட்ட ஓசையைப் படமாக்க அக்காலக் கமராவிடம் வழியேதும் இருக்கவில்லை.

பகலிலும் வாவி கமராவுக்கு எளிதில் வசப்பட்டிருக்க முடியாது என்பதை அக்காலச் செய்முறையே காட்டுகிறது. 1851இல் அறிமுகமாகி முப்பதாண்டுகளளவில் கோலோச்சிய ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே இருட்கூடாரத்துக்குள் உருத்துலக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையில் தகடு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கழுவுவதற்கு உவர்ப்பற்ற நீரும் தேவை; வெள்ளி நைத்திரேற்றில் உப்பு நீர் பட்டால் வெள்ளிக் குளோரைட்டு வெண்ணிறப் பாற்படிவாகத் திரண்டு தகட்டைக் கெடுக்கும் என்பதால், கண்ணுக்கெட்டிய தூரம் நீர் விரிந்திருந்தும் வாவிநீர் இத்தொழிலுக்கு உதவாது. இவற்றைவிடப் பெரிய தடை, கொலோடியன் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரக்கூடியதாக இருந்தமையாகும். நீலவானம் தகட்டில் மிகையாகப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகவே தோன்றும். மலைநாட்டுப் படத்தில் அந்த வெள்ளை மேற்பகுதியின் ஒரு துண்டு மட்டுமே. வானமும் அதன் நிழலை ஏந்திய நீருமே பெரும்பகுதியான வாவிப் படத்திலோ, இரண்டு வெறுமைகளுக்கிடையே ஒரு கறுப்புக்கோடு மட்டும் எஞ்சும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் வானத்துக்கும் கடலுக்கும் தனித்தனி எதிர்த்தகடு எடுத்து இணைத்தது இக்குறையைச் சமாளிப்பதற்கே.

சந்தையும் அதே திசையில் இழுத்தது. கொழும்புத் துறைமுகத்தில் ஓரிரு நாள் தங்கும் கப்பற் பயணிகளே காட்சிப்படங்களின் முதன்மையான வாடிக்கையாளர். அவர்கள் 1867இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில் கண்டிக்குச் சென்று திரும்பினர், கண்டதையே வாங்கினர். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1928இல்தான். அதற்கு முன் கிழக்குக்கு வந்த கமரா பெரும்பாலும் நிலத்தைவிட மக்களையே நாடியது. சார்ல்ஸ், பிரெண்டா செலிக்மன் இணையர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல், கிழக்குக் கரையோர வேடரையும் உள்ளடக்கிய படங்களுடன் கூடிய மானிடவியல் ஆய்வாகும்.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளும், அவற்றுடன் பயன்படுத்திய மஞ்சள் வடிகட்டியும் முகிலையும் நீரையும் வேறுபடுத்திக் காட்டின. 1880களிலிருந்து பரவிய ஜெலற்றின் உலர்தகடு இருட்கூடாரத்தை ஏற்கெனவே தேவையற்றதாக்கியிருந்தது. 1924இல் கல்லடியில் அமைந்த லேடி மனிங் இரும்புப் பாலம், தட்டையான நீர்ப்பரப்பின் மேல் ஒளிப்படக்காரர் நிற்பதற்கு உயரமான இடத்தையும், படத்துக்குள் வைப்பதற்கு ஓர் உறுதியான வடிவத்தையும் ஒருங்கே தந்தது. கொழும்பில் லயனல் வென்ற் (1900–1944) போன்றோர், தொலைவான முகடுகளைத் தேடுவதை விட்டு, எதிரொளியில் தெரியும் உருவத்தையும் நீரின் மேற்பரப்பையுமே பொருளாக்கும் புதிய சுவையை வளர்த்தனர். மார்கழி, தை மாதங்களின் விடியற்பனியில் தோணியும் வலைஞனும் கருநிழலாகத் தெரியும் வாவிப் படம், இவ்வாறு பொருளும் பாதையும் சுவையும் மாறிய பின்னரே இயல்வதாயிற்று.

எனினும் அப்படத்திலும் ஒரு சாய்வு உண்டு. வாவியின் கிழக்கே கடலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நகரும் நெருக்கமான ஊர்களும், மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் உள்ளன. ஒளிப்படக்காரர் புளியந்தீவிலோ கல்லடியிலோ நின்று மாலைச் சூரியனை நோக்கியே பெரும்பாலும் படமெடுத்தமையால், படுவான்கரை பல படங்களில் அடிவானத்து இருட்கோடாக மட்டுமே எஞ்சியது. போர்க்காலம் இச்சாய்வை மேலும் இறுக்கிற்று: 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரம் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்தன, சோதனைச் சாவடிகளைக் கமராவுடன் கடப்பதே ஐயத்துக்குரிய செயலாயிற்று. வாவியைக் கடக்க 'பாதை' எனப்படும் மிதவைப் படகே துணையாக இருந்த மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின், மேற்குக் கரையில் நின்று கிழக்கே விடியலை நோக்கும் படங்களை எடுப்பது எளிதாயிற்று.

வாவியின் பழைய படங்களை அழகுக்காக மட்டுமன்றிச் சான்றாகவும் மதிக்க வேண்டிய காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. முகத்துவாரத்தின் மணற்றிட்டு கோடையில் அடைபட்டு மாரி வெள்ளத்தில் உடைபடுகிறது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் தென்னந்தோப்புகளையும் நாவலடி போன்ற குடியிருப்புகளையும் அழித்ததோடு, வீடுகளிலிருந்த படத்தொகுதிகளையும் கொண்டுபோயின. எஞ்சியவற்றை எண்ணிமப்படுத்தும் பணியில் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம ஆவணத் திட்டம் போன்ற முயற்சிகள் ஈடுபட்டுள்ளன. அத்தகைய சேகரிப்புகளில் படத்துடன் ஆண்டு, பருவம், எடுத்த கரை, நோக்கிய திசை ஆகியவையும் குறிக்கப்பட்டால்தான் கரையோரம் எவ்வளவு நகர்ந்தது, கண்டல் எங்கே குறைந்தது என்பதை அவற்றிலிருந்து அறிய இயலும். ஒரு நிலத்தின் காட்சிப் பதிவு அதன் அழகின் அளவைவிட, கமரா எங்கே போக முடிந்தது, எந்தக் கரையில் நிற்க அனுமதிக்கப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதற்கு மட்டக்களப்பு வாவியின் வரலாறு போதிய சான்றாகும்.