ஓடைதானே என்று இருந்துவிடலாமா?
கேமரன் மலை நீர் கற்பித்த பாடம்

நீரில் தத்தளிக்கும் ஒருவரைக் காப்பாற்றத் தேவை துணிச்சலா, பயிற்சியா? இப்படி ஒரு தலைப்பை மன்றத்தில் வைத்தால் துணிச்சல் அணிக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும். ஓடும் வெள்ளத்தில் குதித்து உயிரை மீட்ட வீரனின் கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் வரலாறு எந்த அணிக்குத் தீர்ப்புச் சொல்கிறது? அதை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். கடலே எட்டிப் பார்க்காத கேமரன் மலைக்குப் போனால் போதும்.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டார்கள், கொழுந்து பறித்தார்கள். மலை முழுதும் நீர்தான். மழை, பனி, ஓடை, அருவி! ஆனால் அந்த நீர் ஊர்க் கிணற்று நீரைப் போன்றதன்று.

தமிழகக் கிராமத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகிய விதம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காய்ந்த முருங்கைக் கட்டையோ கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். மேலே மாமாவோ அண்ணனோ கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கிணறுதான் பள்ளிக்கூடம், கயிறுதான் காப்பு. மலைத்தோட்டத்து ஓடையில் அதற்கு வழியேது? நீர் சில்லிட்டது, அடியெல்லாம் பாறை, வழுக்கும் பாசி. அங்கே குளிக்கலாம், துணி துவைக்கலாம். நீந்தப் பழக இடமில்லை. கடல் கடந்து வந்தவர்கள் பானையும் பாயும் கொண்டுவந்தார்கள். கிணற்றையும் கண்மாயையும் கொண்டுவர முடியவில்லை. அவற்றோடு நீச்சல் பழக்கமும் பலருக்கு அங்கேயே நின்றுபோனது.

காணாமல்போன ஆறு

கேமரன் மலையின் நீர்க் கதையில் 1963ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ரிங்லெட் அருகே பெர்த்தாம் ஆற்றை மறித்து சுல்தான் அபு பக்கார் அணை கட்டப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு செயற்கை ஏரி உருவானது. தெலோம் முதலிய ஆறுகளின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கவழியே இங்கே கொண்டுவரப்பட்டது. கிழக்கே ஓடிப் பகாங் ஆற்றில் சேர வேண்டிய நீர், அணையிலிருந்து இன்னொரு சுரங்கவழியே மேற்கே பேராக் மாநிலத்தில் உள்ள ஜோர் மின் நிலையத்திற்குத் திருப்பப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. நல்ல காரியம்தான்.

ஆனால் அணைக்குக் கீழே என்ன நடந்தது? வழக்கமாக ஓடிய நீர் வேறு திசைக்குப் போய்விட்டதால், பெர்த்தாம் ஆறு ஆண்டின் பெரும்பாலான நாள்களில் ஒரு சிற்றோடையாகச் சுருங்கியது. கரையில் காய்கறித் தோட்டங்கள் வந்தன, வீடுகள் வந்தன, தொழிலாளர் குடிசைகள் வந்தன. ஆற்றுக்கென ஒதுக்கிய நிலமும் மெல்ல மெல்லப் பறிபோனது. தினமும் கணுக்கால் அளவு நீரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது ஓர் ஆறு என்பதே மறந்துபோனது.

மேலே இன்னொரு மாற்றமும் நடந்தது. காடுகள் அழிக்கப்பட்டு நிலம் திறக்கப்பட, மழையில் கரைந்த மண் நேராக ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 67 லட்சம் கனமீட்டர் நீர் கொள்ளும்படி கட்டப்பட்ட ஏரியில் சேறு படிந்துகொண்டே போனது. பானைக்குள் பாதிக்கு மணல் இருந்தால் ஒரு குவளை நீர் ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்? பெருமழை பெய்தால் அணையைக் காக்க மதகைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, பின்னிரவு. கனமழையால் ஏரி நிரம்ப, மதகுகள் திறக்கப்பட்டன. அபாயச் சங்கு ஒலித்தது. ஆனாலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்த பலருக்குத் தப்ப நேரமில்லை. சேறும் நீரும் கலந்த வெள்ளம் வீடுகளையும் வாகனங்களையும் அடித்துப் போனது. உயிர்களும் பலியாயின. ஓராண்டு கழித்து 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பகுதிகளை மீண்டும் சேற்று வெள்ளம் தாக்கியது. மீண்டும் உயிரிழப்பு. இவர்களில் யாரும் நீந்தப் போனவர்கள் இல்லை. நீர்தான் அவர்களைத் தேடி வந்தது.

நீரில் மூழ்கி இறப்பது என்றதும் கடற்கரையும் குளிக்கும் இளைஞரும்தான் நம் மனக்கண்ணில் வருகின்றனர். கேமரன் மலை அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. ஓர் ஓடை எப்போது ஆறாகும் என்பதை அதன் கரையில் நின்று முடிவு செய்ய முடியாது. மேலே மலையில் பெய்யும் மழைதான் முடிவு செய்கிறது. மலாய்க்காரர்கள் இதனை 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நமக்கு மேலே வானம் வெளுத்திருக்கும். உச்சியில் பெய்த மழை திடீரென நீர்ச்சுவராக இறங்கி வரும். தெளிந்த ஓடை கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். துண்டையும் செருப்பையும் தேடி எடுக்கும் நேரம்கூட இருக்காது.

காப்பாற்றப் போனவர்கள்

மலையின் மேற்கே பேராக்கில் நடந்த ஒரு துயரத்தைத் தமிழ்ச் சமுதாயம் எளிதில் மறக்காது. 2009 அக்டோபர் 26ஆம் தேதி இரவு, கோலா டீப்பாங்கில் மாணவர் முகாம் ஒன்றில் கலந்துகொண்ட பிள்ளைகள் கம்பார் ஆற்றின்மேல் புதிதாகக் கட்டப்பட்ட தொங்கு பாலத்தைக் கடந்தபோது அது சரிந்தது. 22 மாணவர்கள் ஆற்றில் விழுந்தனர். மூன்று சிறுமிகள் திரும்பவில்லை. மூவரும் தமிழ்ப்பள்ளி மாணவிகள். இருளில், ஓடும் நீரில் விழும் குழந்தைக்குச் சில நிமிடங்கள் மிதக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய வரம்! பாலத்தை உறுதியாகக் கட்டுவது பெரியவர்களின் கடமை. பிள்ளைக்கு மிதக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்களின் கடமையே.

அடுத்து, துணிச்சல் அணியினர் கேட்க வேண்டிய செய்தி. 2018 அக்டோபர் 3ஆம் தேதி, சிலாங்கூர் பூச்சோங் வட்டாரத்தில் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடித் தீயணைப்பு மீட்புப் படையினர் இறங்கினார்கள். பயிற்சி பெற்ற நீர் மீட்பு வீரர்கள். கருவிகளோடு, கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கியவர்கள். சுழலும் நீரோட்டம் அவர்களை இழுத்தது. ஆறு வீரர்கள் உயிர் துறந்தார்கள். நாடே கலங்கியது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், கட்டிய கைலியோடு குதிக்கும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் என்ன உத்தரவாதம்?

நீச்சலில் மன்னனாக இருந்தாலும் நீர் சலுகை காட்டுவதில்லை. ஆங்கிலக் கால்வாயை 1875இல் முதன்முதலில் துணையின்றி நீந்திக் கடந்தவர் மேத்யூ வெப். அவர் 1883இல் நயாகராவின் சுழலில் மாண்டார். வல்வெட்டித்துறை தந்த வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தார். தமிழரின் பெருமை அவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவரும் உயிரிழந்தார்.

சத்தமில்லாத மரணம்

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டுவார், "காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பது அரிது. நியூயார்க்கில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவர்களால் கத்த முடிவதில்லை, ஏனென்றால் மூச்சுக்கே காற்றில்லை. கையசைக்க முடிவதில்லை, ஏனென்றால் கைகள் தாமாகவே நீரை அழுத்துகின்றன. இந்தப் போராட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவர், பிள்ளை விளையாடுகிறது என்றே நினைத்துக்கொள்வார். நீரருகே பிள்ளை அமைதியாகிவிட்டால் அதுதான் ஆபத்தின் அறிகுறி.

அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது என்ன? உதவி கேட்டுக் கத்த வேண்டும், 999ஐ அழைக்க வேண்டும். கரையில் படுத்து மூங்கில் கழியை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் கயிறு, மூடிய காலித் தண்ணீர்த் தோம்பு, டயர் டியூப், எது கிடைத்தாலும் எறிய வேண்டும். பயிற்சியில்லாமல் நீரில் இறங்கக் கூடாது. மூழ்குகிறவர் தம்மைத் தொடுபவரின் தோளில் ஏறித்தான் மூச்சுவிடப் பார்ப்பார். அது அவர் குற்றமன்று, உயிரின் இயல்பு. ஒரு சாவு இரண்டாவது இப்படித்தான்.

கரை சேர்த்த பிறகும் நம்மிடையே ஒரு தவறு தொடர்கிறது. தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது! உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. மூழ்கியவர்களை மீட்க 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774இல் லண்டனிலும் சங்கங்கள் தோன்றின. பீப்பாயின்மேல் போட்டு உருட்டினார்கள், புகையிலைப் புகையை உடலுக்குள் செலுத்தினார்கள். 1950களில்தான் ஜேம்ஸ் இலாம், பீட்டர் சாஃபர் ஆகிய மருத்துவர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதே சிறந்தது என நிறுவினர். 1960இல் மார்பை அழுத்தும் முறையும் சேர்ந்தது. மூழ்கியவருக்குக் குறைவது காற்று. எனவே முதலில் மூச்சு, பிறகு மார்பு அழுத்தம். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போய் ஆபத்தைக் கூட்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டு ஐ.நா. சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது.

ஆக, மன்றத்தின் தீர்ப்பு என்ன? துணிச்சல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கயிறு பிடிக்க ஆளில்லாமல் கிணற்றில் பிள்ளையை இறக்கிய தாத்தா எவரும் இல்லை. அந்தக் கயிற்றின் இடத்தில் இன்று நீச்சல் வகுப்பும் முதலுதவிப் பயிற்சியும் நிற்க வேண்டும். டியூஷனுக்கும் கணினி வகுப்புக்கும் அனுப்பும் பெற்றோர் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஊர் இளைஞர் மன்றங்களும் விடுமுறைச் சுற்றுலாவுக்குப் பேருந்து பேசும்போதே, உடன் வருகிறவர்களில் யாருக்கு மூச்சு ஊதத் தெரியும், வண்டியில் கயிறு இருக்கிறதா என்று கேட்டு வைக்க வேண்டும். அருவிக்குப் போகும் பிள்ளைகள் அத்தனை பேரும் அதே பேருந்தில் வீடு திரும்ப வேண்டும் அல்லவா?