பாட்டுக்குக் கோடு போட்ட வாத்தியார்



மேற்கத்திய செவ்வியல் இசை என்றாலே பாக், மொஸார்ட், பீத்தோவன் என்றுதான் தொடங்குவார்கள். நான் ஒரு வாத்தியாரிடமிருந்து தொடங்குகிறேன். பெயர் குயிதோ. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த துறவி. சிறுவர்களுக்குத் தேவாலயப் பாடல்கள் சொல்லித்தந்தவர்.

அன்று எல்லாமே மனப்பாடம். வரிகளுக்கு மேலே சில குறிகள் இருக்கும். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும். எவ்வளவு என்று காட்டாது. பல ஆண்டு படித்தவரும் ஒரு புதுப் பாட்டைத் தானாகப் பாட முடியவில்லையே என்று குயிதோ வருந்தி எழுதியிருக்கிறார்.

குறிகளைக் கோடுகளின் மேலும் இடையிலும் வைத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் நிலையான இடம் தந்தார். கோடு முன்பே சிலர் போட்டதுதான், முறைப்படுத்தியவர் இவர்.

அடுத்து, யோவானைப் போற்றும் லத்தீன் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டார். அதன் முதல் ஆறு பகுதிகளும் ஒவ்வொரு சுரமாக மேலேறித் தொடங்கும். அவற்றின் முதல் அசைகள் உத், ரே, மி, ஃபா, சோல், லா. 'உத்' பிற்காலத்தில் 'டோ' ஆனது. ஏழாவது சுரமும் சேர்ந்தது. தெரிந்த பாட்டை வைத்துத் தெரியாத பாட்டைப் படிக்கலாம். 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்களே, அதேதான்!

பலன்? சக துறவிகளின் பொறாமை. மடத்தை விட்டு அரெஸ்ஸோ நகருக்குப் போனார். செய்தி எட்டிய போப் 19ஆம் ஜான் அவரை ரோமுக்கு அழைத்தார். ஏட்டைப் பார்த்து, அதுவரை கேட்டிராத ஒரு வரியைப் போப்பே பாடிவிட்டாராம். குயிதோவே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இசை தாளுக்கு வந்ததும், பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் கலை பெரிதாக வளர்ந்தது. பாக் 1750இல் மறைந்தார். அவருடைய 'புனித மத்தேயு பாஷன்' பல பத்தாண்டுகள் மேடை ஏறாமல் கிடந்தது. 1829இல் பெர்லினில், 20 வயது மெண்டல்சன் அதைச் சுருக்கி அரங்கேற்றினார். சொல்லித்தர குரு உயிரோடு இல்லை, தாள் இருந்தது.

நம் இளையராஜா எழுதித்தந்த சிம்பொனியை 2025இல் லண்டன் இசைக்குழு வாசித்ததும் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான்.

நம் குருகுல வழியில் கமகமும் பாவமும் குருவின் வாயிலிருந்தே வரும். அது தனிச் செல்வம். குரு கிடைக்காத பிள்ளைக்கும் பாட்டு கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர் குயிதோ.

மத்தேயு பாஷனின் முதல் பாடலை மட்டுமாவது கேளுங்கள். இரண்டு பாடகர் குழுக்கள், இரண்டு வாத்தியக் குழுக்கள். எழுதி வைக்காமல் இது நடக்குமா, சொல்லுங்கள்!