நண்பர்களைப் படமெடுத்த ஓர் அரசு ஊழியர்

கரமனை கிராமத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கல்யாண குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. நாற்காலியில் ஒன்பது பேர், பின்னால் நிற்பவர்கள் பதினான்கு பேர், கீழே ஜமக்காளத்தில் குழந்தைகள் ஆறு பேர். மொத்தம் இருபத்தொன்பது. இவர்களில் பதினொரு பேரை மட்டுமே இன்று என்னால் பெயர் சொல்ல முடியும். மீதிப் பேரை அடையாளம் காட்டக்கூடிய கடைசி நபர் என் அத்தை. அவர் இருந்தவரை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி. இப்போது அந்தப் பதினெட்டுப் பேரும் எங்கள் வீட்டுச் சுவரிலேயே அந்நியர்களாகிவிட்டார்கள். நம் அங்கத்தினர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு முப்பது வருஷம் ஒரே இலாகாவில் பணியாற்றிய ஆத்ம நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். சுபஸ்வீகாரத்தன்று மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று அவர் பிள்ளை என்னிடம் கேட்டான். எங்கள் காலத்தில் என்னிடம் ஓர் ஆக்ஃபா கிளிக் III காமிரா இருந்தது. டூர் போகும் இடமெல்லாம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவேன். வீட்டில் இருந்த ஆல்பங்களையெல்லாம் புரட்டினேன். பேச்சிப்பாறை அணை இருந்தது, குற்றாலம் அருவி இருந்தது, பத்மநாபபுரம் அரண்மனை இருந்தது. அந்த இடங்களுக்கெல்லாம் என்னோடு வந்த நண்பர் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. கடைசியில் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைத்தான் பெரிது பண்ணினார்கள். அதில் அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் சிரிக்காத நாளை நான் பார்த்ததில்லை.

இது சாமானியர்களுக்கு மட்டும் நேரும் கதி என்று நினைக்க வேண்டாம். கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்தும் அவருடைய புகைப்படங்கள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன. பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜனின் நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. வானியற்பியல் மேதை எஸ். சந்திரசேகர் 1936 இல் இந்தியா வந்தபோது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைச் சந்தித்து, அவரிடமிருந்த பாஸ்போர்ட் படத்தைப் பெற்றார். 1919 இல் இந்தியா திரும்புவதற்காக, உடல் மிக நலிந்திருந்த வேளையில் எடுத்த படம் அது. இன்று பாடப் புத்தகங்களில் நாம் பார்க்கும் ராமானுஜன் பெரும்பாலும் அந்தப் பாஸ்போர்ட் ராமானுஜன்தான். 1980களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் அவருடைய மார்பளவுச் சிலையை வடித்தபோதும் அந்தப் படத்தையே ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது. மகாகவி பாரதியாருக்கும் இதே நிலைதான். எண்ணி ஐந்தாறு படங்கள். ரா.அ. பத்மநாபன் போன்றவர்கள் பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்ததால்தான் 1957 இல் 'சித்திர பாரதி' என்ற நூல் நமக்குக் கிடைத்தது.

இந்த மேதைகளுக்கு நண்பர்கள் இல்லாமல் இல்லை. காமிராவும் பொறுமையும் உள்ள ஒரு நண்பர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு நண்பர் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கேரளத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. அவர் புனலூர் ராஜன்.

திருவனந்தபுரம்வாசிகளான நமக்குப் புகைப்படக்காரர் என்றதும் நினைவுக்கு வருபவர் சிவன். ஸ்டாச்சு பகுதியில் 1959 இல் அவர் தொடங்கிய சிவன்ஸ் ஸ்டூடியோ தலைநகரத்தின் ஓர் அடையாளம். கேரளத்தின் முதல் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்பட்ட அவர் 'செம்மீன்' படத்தின் ஸ்டில் போட்டோக்களையும் எடுத்தவர். 2021 ஜூன் மாதம் மறைந்தார். தலைநகரின் பொதுவாழ்க்கையைச் சிவன் பதிவு செய்தார் என்றால், வடக்கே கோழிக்கோட்டில் வேறொரு விதமான பதிவு நடந்துகொண்டிருந்தது.

புனலூர் ராஜன் 1939 இல் கொல்லம் ஜில்லா சூரநாட்டில் பிறந்தவர். 1963 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஓவியர்-புகைப்படக்காரராக அரசுப் பணியில் சேர்ந்தார். மாஸ்கோவில் ஒளிப்பதிவுப் பயிற்சியும் பெற்றார். 1994 இல் ஓய்வு பெற்றார். கேரள அரசுப் பணியில் அன்று ஓய்வு வயது 55 என்பது நம்மில் பலருக்கு அனுபவத்தில் தெரிந்ததே.

மருத்துவக் கல்லூரிப் புகைப்படக்காரரின் வேலை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கம்ப்யூட்டர் வராத அந்தக் காலத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் படங்களும் ஸ்லைடுகளும் தேவை. அரிய நோய்க்குறிகள், அறுவை சிகிச்சைகள், ஜாடியில் பாதுகாக்கும் உறுப்புகள் என்று எல்லாவற்றையும் படமெடுத்துக் கொடுக்க வேண்டும். அங்கே அழகுக்கு இடமில்லை. உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும், அவ்வளவே. பகலெல்லாம் இதைச் செய்த மனிதர் ஓய்வு நேரத்தில் அதே கையால் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் எடுத்தார்.

அன்றைய கோழிக்கோடு சாதாரண ஊரல்ல. எம்.டி. வாசுதேவன் நாயர் மாத்ருபூமியில் இருந்தார். உறூபும் திக்கோடியனும் வானொலி நிலையத்தில் பணியாற்றினார்கள். எஸ்.கே. பொற்றேக்காடு உலகம் சுற்றிவிட்டு வந்து குடியிருந்த ஊரும் அதுவே. வைக்கம் முகம்மது பஷீர் 1962 முதல் அருகிலுள்ள பேப்பூரில் வசித்தார். இவர்கள் மாலையில் கூடுவார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். ராஜன் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தார். ஏதோ ஒரு பத்திரிகை அனுப்பி வந்தவராக இல்லை என்பதுதான் முக்கியம். இ.எம்.எஸ்., ஏ.கே.ஜி. போன்ற அரசியல் தலைவர்களையும் அவர் எடுத்திருக்கிறார். அங்கேயும் மேடைக்கு வெளியே இருக்கும் மனிதரைத்தான் அவர் தேடினார்.

பஷீர் என்றதும் மலையாளி மனதில் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. சட்டையில்லாத உடம்பு, வேட்டி, மாங்கோஸ்டின் மரத்தடி, சாய்வு நாற்காலி, பக்கத்தில் கிராமபோன். அந்த உருவம் இத்தனை ஆழமாகப் பதிந்ததில் ராஜனின் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. விருது வாங்கும் பஷீரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தம் வீட்டு முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பஷீரை எடுக்க, அந்த முற்றத்தில் நமக்கும் உட்கார உரிமை இருக்க வேண்டும். 1963 முதல் 1994 ஜூலை 5 அன்று பஷீர் மறையும்வரை சுமார் முப்பது வருஷம் ராஜனுக்கு அந்த உரிமை இருந்தது. பஷீரைப் பற்றியும் எம்.டி.யைப் பற்றியும் அவருடைய படங்களும் நினைவுகளும் நூல்களாக மலையாளத்தில் வந்திருக்கின்றன. ராஜன் 2020 ஆகஸ்ட் 15 அன்று கோழிக்கோட்டில் காலமானார். எம்.டி.யும் 2024 டிசம்பர் 25 அன்று மறைந்துவிட்டார். அந்த மாலைக் கூட்டங்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனாலும், அவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பது போகவில்லை.

இதில் செலவு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். அன்று 120 பிலிம் ரோல் ஒன்றில் சதுரப் படம் எடுத்தால் 12 படம்தான் வரும். 35 மி.மீ. சுருளில் 36. பிலிம், கழுவும் ரசாயனம், பிரிண்ட் பேப்பர் எல்லாவற்றுக்கும் காசு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் தம் நண்பர் டீ குடிப்பதை எடுக்க ஒரு பிரேமைச் செலவழிக்கிறார் என்றால், அந்த நண்பரை அவர் எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! நான் என் 12 படங்களையும் அணைக்கட்டுக்குக் கொடுத்தவன் என்பதால் இதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

உலக அளவில் பார்த்தால் இந்த வழிக்கு முன்னோடி ஒரு பெண்மணி. கல்கத்தாவில் 1815 இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரான். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த காமிராவை வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் அண்டை வீட்டாரையும் நண்பர்களையும் எடுக்கத் தொடங்கினார். அண்டை வீட்டுக்காரர் கவி டென்னிசன். பழைய நண்பர் விஞ்ஞானி சர் ஜான் ஹெர்ஷல். வேதியியல் படித்தவர்களுக்கு ஹெர்ஷலைத் தெரிந்திருக்கும். ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819 இலேயே கண்டறிந்தவர் அவர். படத்தை நிலைநிறுத்தும் வித்தையே அதுதான். அந்தக் கண்ணாடித் தகடுகளுக்குச் சில நிமிஷம் வரை ஆடாமல் உட்கார வேண்டும். நண்பருக்காக அல்லாமல் வேறு யாருக்காக ஒருவர் அப்படி உட்காருவார்? காமெரான் அம்மையார் 1875 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879 இல் அங்கேயே மறைந்தார்.

நம் தமிழிலும் இந்த வழி தொடர்கிறது. புதுவை இளவேனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் பல்லாண்டுகள் தொடர்ந்து எடுத்திருக்கிறார். கி.ரா. 2021 மே மாதம் புதுச்சேரியில் மறைந்தபோது பத்திரிகைகளுக்குப் படப் பஞ்சமே இல்லை. நம் திருவனந்தபுரத்திலேயே கவடியார் பகுதியில் வாழ்ந்து 2007 இல் மறைந்த நகுலன் என்கிற டி.கே. துரைஸ்வாமி அவர்களை, அந்த மார் இவானியோஸ் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியரை, முதிய வயதில் ஆர்.ஆர். சீனிவாசன் அவர் வீட்டிலேயே எடுத்த படங்கள் பெயர் பெற்றவை. தனிமை என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

படம் எடுத்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். முறையாக ஹைப்போவில் இட்டு நன்றாகத் தண்ணீரில் அலசிய கறுப்பு-வெள்ளைப் படம் நூறு வருஷமும் தாங்கும். அதில் இருப்பது வெள்ளி உலோகம். சரியாக அலசாவிட்டால் மிஞ்சிய ஹைப்போவே காலப்போக்கில் படத்தை மஞ்சளாக்கிவிடும். 1970, 80களின் கலர்ப் படங்களில் இருப்பது சாயம், ஆகவேதான் நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் சிவந்துகிடக்கின்றன. நெகடிவ்களுக்கு நம் கேரளத்து ஈரக்காற்று பெரிய சத்ரு. பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. கரமனை ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒரு சீமந்தத்துக்குப் போய்வந்தால் 300 படம் சேர்ந்துவிடுகிறது. ஆனாலும் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு நண்பரை அவராகவே எடுத்த படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? மூன்று காரியங்களைப் பணிவோடு யோசனையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டிலுள்ள பழைய படங்களை இறக்கி, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர், உறவு, ஊர், தெரிந்தால் வருஷம்.

இரண்டாவது, அவற்றை ஸ்கேன் செய்து பம்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் உள்ள உறவினர்களுக்கு அனுப்புங்கள். உங்களுக்குத் தெரியாத முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் நண்பரை எடுங்கள். சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டு வேஷ்டி வேண்டாம். திண்ணையில் பேப்பர் படிக்கும்போது, காப்பியை ஆற்றும்போது, சீட்டாட்டத்தில் தோற்று முகத்தைச் சுளிக்கும்போது எடுங்கள்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின் என் பழைய நெகடிவ்களை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேச்சிப்பாறை நெகடிவ் ஒன்றில், அணைச் சுவரின் கைப்பிடி ஓரமாக ஒரு சிறிய உருவம் இருக்கிறது. முதுகு தெரிகிறது, கையில் குடை. என் நண்பராகத்தான் இருக்க வேண்டும். அவர் பிள்ளைக்கு அதைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் நடை அப்படியே இருக்கிறது மாமா என்று போன் செய்தான். நான் எடுக்க நினைத்தது அணைக்கட்டை. அவன் பூஜையறைக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பது அந்த ஓரத்தை.