கல்லில் தேதி, பல்லில் நோய்

கிர்கிஸ்தானின் வடபகுதியில், இசிக்குல் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் காரா-ஜிகாச், புரானா என்று இரண்டு பழைய இடுகாடுகள் இருந்தன. 1885க்கும் 1892க்கும் இடையில் ரஷ்யப் பேரரசின் ஆய்வாளர்கள் அவற்றைத் தோண்டி, கல்லறைக் கற்களைப் படியெடுத்து, எலும்புக்கூடுகள் சிலவற்றை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நூறாண்டுக்கும் மேல் பெட்டியில் கிடந்த அந்த எலும்புகள் 2022 ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வால் உலகச் செய்தியாயின. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ கொண்டுபோன 'கறுப்புச் சாவு' என்னும் பிளேக் நோயின் மூதாதைக் கிருமி அந்தப் பற்களில் கிடைத்திருந்தது. கொள்ளைநோய் பிறந்த ஊர் தெரிந்துவிட்டது என்ற தொனியில் பல நாளேடுகள் எழுதின. பிறந்த ஊர் என்பது மிகை. உண்மையில் கிடைத்தது அதைவிடப் பயனுள்ள ஒன்று: காலம் உறுதியாகத் தெரிந்த ஒரு சாட்சி. அந்தக் காலத்தைச் சொன்னதும் மரபணு ஆய்வகம் அல்ல, பெயர் தெரியாத கல்தச்சர்கள்.

அங்கே வாழ்ந்தவர்கள் துருக்கிய மொழி பேசிய கிறித்தவர்கள். கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கல்லறையில் அவர்கள் எழுதியது சிரியாக் மொழி. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கும் அதே மொழிதான். ஒரே திருச்சபையின் கிளைகள் மலபார் கரைக்கும் மத்திய ஆசிய மலையடிவாரத்துக்கும் நீண்டிருந்தன. பட்டுப் பாதையின் வணிகம் இந்தச் சிற்றூர்களைத் தொட்டுச் சென்றது. புதைகுழிகளில் இந்தியப் பெருங்கடலிலிருந்தோ பசிபிக்கிலிருந்தோ வந்த முத்துகள், மத்தியதரைக்கடல் பவளம், வெளிநாட்டு நாணயங்கள் எல்லாம் கிடைத்தன. இறந்தவர் தலைமாட்டில் ஆற்றுக் கற்களில் ஒரு சிலுவை, ஒரு பெயர், ஓர் ஆண்டு. அந்த ஆண்டு பெரும்பாலும் இரண்டு முறையில் குறிக்கப்பட்டது: அலெக்சாந்தருக்குப் பின் சிரியாவை ஆண்ட செலூக்கியர் தொடங்கிவைத்த ஆண்டுக்கணக்கு ஒன்று, பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் சுழலும் கிழக்காசிய ஆண்டுச் சக்கரம் மற்றொன்று. செலூக்கிய 1649 என்று ஒரு கல் சொன்னால் அது 1337 அக்டோபரில் தொடங்கும் ஆண்டு. கூடவே புலி ஆண்டு என்றும் இருந்தால் 1338 என்று ஐயமின்றி முடிவாகிறது. நம் கல்வெட்டறிஞர்கள் அரசனின் ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பது போலத்தான் இதுவும். கொத்தியவர் ஓர் எண்ணில் பிசகினால் மற்றொன்று அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டு தெளிவாகத் தெரியும் கற்கள் 467. அவை 1248 முதல் 1345 வரையிலானவை. அவற்றில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு உரியவை. ஏறத்தாழ நூறாண்டுச் சாவுகளில் நான்கில் ஒரு பங்கு ஈராண்டுக்குள். சில கற்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இறந்தவர் கொள்ளைநோயால் மாண்டார் என்றே சொல்கின்றன. இதெல்லாம் புதிய செய்தி அல்ல. டேனியல் ஹ்வோல்சன் என்ற செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பித்துவிட்டார். ஐரோப்பிய கொள்ளைநோய்க்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஊகமும் பழையதே. ஏற்காதவர்களின் மறுப்பிலும் நியாயம் இருந்தது. கொள்ளைநோய் என்ற சொல் எந்த நோயையும் குறிக்கலாம். அம்மையோ நச்சுக் காய்ச்சலோ ஓர் ஊரை ஈராண்டில் காலிசெய்யக்கூடியதுதான். கல் எத்தனை துல்லியமாக ஆண்டைச் சொன்னாலும் கிருமியின் பெயரைச் சொல்ல அதற்கு வழியில்லை. அந்த மறுப்புக்குக் கல்வெட்டியல் எவ்வளவு முயன்றாலும் பதில் தந்திருக்க முடியாது.

பதில் பல்லில் இருந்தது. பல்லின் நடுவே இருக்கும் கூழறைக்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் கிருமி பெருகிய நிலையில் ஒருவர் இறந்தால், கூழ் உலர்ந்த பிறகும் கிருமியின் டிஎன்ஏ துணுக்குகள் அந்தக் கெட்டியான உறைக்குள் தங்கிவிடும். பீட்டர்ஸ்பர்க்கில் எஞ்சியிருந்த ஏழு பேரின் பற்களை ஆய்வாளர்கள் துளையிட்டுப் பார்த்தார்கள். காரா-ஜிகாச்சில் புதைக்கப்பட்ட மூவரிடம் எர்சினியா பெஸ்டிஸ், அதாவது பிளேக் கிருமி, கிடைத்தது. நூறாண்டுக்கு மேல் பலர் கைபட்ட எலும்பில் பின்னாளில் ஏதோ ஒட்டியிருக்கலாமே என்று கேட்பது இயல்பு. பழைய டிஎன்ஏ துண்டு துண்டாக முறிந்திருக்கும். முனைகளில் குறிப்பிட்ட வேதிச் சிதைவு ஏறியிருக்கும். நேற்று ஒட்டிய டிஎன்ஏவில் அந்தச் சிதைவு இராது. ஏழில் மூன்றுதானே என்று சிலர் குறைத்து மதிப்பிடக்கூடும். ஆனால் கிடைக்காத நால்வருக்கு நோய் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அறுநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மூவரிடம் தடயம் எஞ்சியதே பெரிது.

இனிதான் கல்லும் பல்லும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் வருகிறது. என் பார்வையில் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடியும் அதுவே. பிளேக் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 46 இலட்சம் எழுத்துகள். தலைமுறை செல்லச் செல்ல ஓர் எழுத்து அங்கும் ஓர் எழுத்து இங்குமாக மாறும். அந்த மாற்றங்களை ஒப்பிட்டால் எது தாய், எது சேய் என்ற வம்சாவளி கிடைத்துவிடும். அந்த வம்சாவளியில் ஓரிடத்தில் ஒரே தண்டிலிருந்து நான்கு கிளைகள் சட்டென்று பிரிகின்றன. கறுப்புச் சாவின் கிருமி அவற்றுள் ஒரு கிளை. காரா-ஜிகாச் கிருமி நான்குக்கும் அடியில், அந்தப் பிரிவுப் புள்ளியிலேயே நிற்கிறது. ஆனால் வம்சாவளி முறைவரிசையைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது. மாற்றங்கள் சீரான வேகத்தில் நடந்தால் எண்ணிக் கணக்கிட்டுவிடலாம். பிளேக் கிருமியோ சில காலம் தூங்கும், சில காலம் பாயும். அதனால்தான் முந்தைய கணிப்புகள் அந்தப் பிரிவை 12ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எங்கெங்கோ வைத்தன. எலும்பைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினாலும் பல பத்தாண்டுப் பிழை எஞ்சும். தலைமாட்டில் புலி ஆண்டு என்று கொத்திய கல் அந்தப் பிழையை ஓரிரு ஆண்டாகச் சுருக்கிவிடுகிறது. லண்டனிலும் இதேதான் நடந்தது. 2011இல் கறுப்புச் சாவுக் கிருமியின் மரபணுத் தொகுதி முதன்முதலாக முழு வடிவில் மீட்கப்பட்டபோது பற்கள் வந்தது கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டிலிருந்து. அந்த நோய்க்காகவே 1348–49இல் திறக்கப்பட்டது என்று ஆவணங்கள் சொல்லும் இடம் அது.

வலுவான மறுப்பு வரலாற்றாசிரியர்களிடமிருந்தே வருகிறது. நான்கு கிளைகளும் 13ஆம் நூற்றாண்டிலேயே, மங்கோலியப் படையெடுப்புகளோடு பிரிந்து பரவிவிட்டன என்று மோனிகா கிரீன் 2020இல் வாதிட்டார். இசிக்குல் சான்று இதை முறியடித்துவிட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பிள்ளைகள் நாலாபுறமும் சென்ற பிறகும் தாய் பழைய வீட்டிலேயே மாறாமல் இருக்க முடியும். கிருமிகளில் அது அரிதும் அல்ல. 1338இல் அந்த மூதாதை அங்கே மனிதரைக் கொன்றது என்பதே நிறுவப்பட்ட உண்மை. அதற்கு முன் வேறெங்கும் அது இருக்கவில்லை என்பது நிறுவப்படவில்லை. அக்காலத்து மங்கோலியாவிலோ சீனாவிலோ இப்படி ஆண்டு பொறித்த கல்லறையின் பல் எதுவும் வம்சாவளியில் இடம்பெறாதபோது, கிடைத்த இடத்தைப் பிறந்த இடம் என்பது விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தேடுவதாகிவிடும். எதிர்த்தரப்புக்கும் ஒரு பதில் உண்டு. இன்றும் தியான் ஷான் மலைகளில் மர்மோட் என்ற, அணில் குடும்பத்துக் கொழுத்த கொறிவிலங்குகளிடம் பிளேக் கிருமி வாழ்கிறது. இன்றைய வகைகளில் காரா-ஜிகாச் கிருமிக்கு மிக நெருங்கியவை அந்த வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. வேறெங்கிருந்தோ வந்த வணிகன் கொண்டுவந்து கொட்டிய நோய் என்பதைவிட, அக்கம்பக்கத்து மலையிலிருந்து ஊருக்குள் இறங்கிய நோய் என்பதற்கே இதனால் கூடுதல் எடை. ஆய்வை நடத்திய மரியா ஸ்பைரூ, யோகன்னஸ் கிரவுசே, பிலிப் ஸ்லாவின் குழுவும் இந்த வட்டாரத்தையே தோற்றுவாயாகக் கொள்கிறது. வட்டாரம் என்ற அளவில் அதை ஏற்கலாம். ஊர்ப்பெயர் சொல்வதுதான் அவசரம்.

மிஞ்சுவது எட்டு ஆண்டுகளும் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமும். 1346இல் கருங்கடல் கரையில் ஜெனோவா வணிகர்களின் காஃபா நகரை மங்கோலியர் முற்றுகையிட்டபோது அவர்களுடைய பாசறையில் நோய் பரவியது. பிணங்களைக் கவண் பொறியில் வைத்து நகருக்குள் எறிந்தார்கள் என்ற கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதை எழுதிய கேப்ரியேல் தெ முஸ்ஸி அந்த நேரத்தில் இத்தாலியில் இருந்தார்; கண்ணால் கண்டவர் அல்ல. வரலாற்றாசிரியர் ஹன்னா பார்க்கர் 2021இல் காட்டியபடி, தடைப்பட்டிருந்த தானிய வணிகம் 1347இல் சமாதானத்துக்குப் பின் மீண்டபோது, தானியக் கப்பல்களில் ஏறிய எலிகளும் தெள்ளுப்பூச்சிகளுமே நோயை மேற்கே கொண்டுசென்றிருக்க வேண்டும். ஆனால் சூ பள்ளத்தாக்கிலிருந்து கருங்கடல் வரை அது எந்த வண்டியில் வந்தது? புதைகுழியிலிருந்த பவளமும் முத்தும் வணிகத்தைச் சுட்டுகின்றன; படைநகர்வையும் ஒதுக்கிவிட முடியாது. வோல்கா ஆற்றுப்பக்கம் லாயிஷெவோவில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுக் கிருமி, லண்டன் கிருமிக்குச் சற்றே மூத்தது என்று 2019இல் தெரியவந்தது. வழியில் ஒரு படி அது. ஆனால் அந்தப் புதைகுழியின் மேல் ஆண்டு சொல்லும் கல் இல்லை. இடையில் இன்னும் பத்துப் பற்கள் கிடைத்தாலும், தலைமாட்டில் ஆண்டு இல்லாவிட்டால் 1338க்கும் 1346க்கும் நடுவே அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்ற வழக்கு முடியாது.