பொருந்தலுக்குப் போன வழி

பழனிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முருகன் இருக்கும் சின்ன மலையை நோக்கித்தான் நடக்கிறார்கள். தைப்பூசக் கூட்டம் கலைந்த மறு வாரம் நாங்கள் அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தென்மேற்கே பெரிய மலைத்தொடரைப் பார்த்து நடந்தோம். நான், என் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். நால்வருக்கும் சேர்த்து ஒரு தூக்குப் புளியோதரை.

குழந்தைக்குக் கொடைக்கானல் ஆசை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நடக்கலாம் தாத்தா, மேகத்துக்கு மேலே நடக்கலாம்" என்றான். அவன் சொன்னது கோக்கர் நடைபாதையை. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் அந்த மலைமேல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1872-ல் கோக்கர் என்ற பட்டாள அதிகாரி மலைச் சரிவின் விளிம்பில் சுமார் ஒரு கிலோமீட்டருக்குப் பாதை போட்டார். காற்று வாங்குவதற்காகவே ஒரு பாதை! நம்மவர்களுக்கு நடை என்றால் கோயிலுக்கோ சந்தைக்கோ சம்பந்தி வீட்டுக்கோ ஏதோ ஒரு காரியத்தோடு போவதுதான். துரைமார்கள் சும்மா நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மலைச்சாலை வருவதற்கு முன்னால் துரைசானிகள் டோலியில் ஏறித்தான் போனார்கள். அந்த டோலியைச் சுமந்தவர்களும் நடந்தவர்கள்தாமே!

பாலசமுத்திரம் பழனிப் பாளையக்காரர்கள் இருந்த ஊர். அங்கே காப்பி குடித்துவிட்டு, தென்னந்தோப்புகளைத் தாண்டி, பாலாறு-பொருந்தலாறு அணையின் கரைக்கு வந்தோம். எதிரே மலை நீலமாக எழுந்து நிற்க, அதன் நிழல் தண்ணீரில் கிடந்தது. மருமகள் கரையில் உட்கார்ந்து, "மாமா, இதற்குக் கொடைக்கானல் எதற்கு?" என்றாள். பேரன் மட்டும் சமாதானமாகவில்லை.

அவனுக்காகத்தான் பொருந்தல் கதையை ஆரம்பித்தேன். பழனியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், மலையடிவாரச் சிற்றூர். பொருந்தில் இளங்கீரனார் என்ற சங்கப் புலவரின் ஊர் இதுதான் என்பார்கள். ஒரு சேர மன்னனைப் பாட வந்தவர், 'இப்போது கபிலர் உயிரோடு இருந்திருந்தால் நன்றாயிருக்குமே' என்று பாட்டிலேயே ஏங்கினார். எழுதுகிறவன் இன்னொரு எழுத்தாளனை இப்படி நினைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம்!

2009-லும் 2010-லும் புதுவைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. ராஜன் இங்கே அகழ்ந்தார். ஊர் இருந்த மேட்டில் 2,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும், கண்ணாடி காய்ச்சிய உலையும் வெளிப்பட்டன. மதுரையிலிருந்து மேல்கடற்கரைக்குப் போன பழைய வணிகப் பெருவழி இந்த அடிவாரத்தைத் தொட்டுத்தான் போனது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் ஜாடி நிறைய நெல். சுமார் இரண்டு கிலோ. அதே குழியில் பானை வைக்கும் பிரிமனை ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'வயர' என்று கீறியிருந்தது. நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தபோது வந்த காலம் கி.மு. 490.

அசோகன் கல்வெட்டுகளுக்குப் பிறகுதான் தமிழன் எழுதக் கற்றான் என்று பாடப் புத்தகத்தில் படித்தவன் நான். அசோகனோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஒரு ஜாடி நெல் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. ஒற்றைச் சோதனையை நம்பிச் சரித்திரத்தை மாற்றலாகாது என்று பெரியவர்கள் சிலர் எச்சரித்தார்கள், அதுவும் நியாயம்தான். பின்னர் அதே குழுவினர் இன்னொரு குழியின் நெல்லைச் சோதித்து கி.மு. 450 என்று முடிவு கண்டார்கள். 2019-ல் கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போனதாக அறிவிப்பு வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அதைவிட அந்த ஜாடியை நிரப்பிய கைதான் நினைவில் நிற்கிறது. போனவனுக்குப் பசிக்கும் என்று இரண்டு கிலோ நெல்லை அளந்து வைத்த கை.

பேரன் கதை கேட்டபடியே தரையைப் பார்த்து நடந்தான். உழுத காட்டு ஓரத்தில் குனிந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்தான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சட்டென்று கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நானும் இளமையில் இப்படி ஒரு துண்டை வேறோர் ஊரிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடித்தேன். நாலாவது வீடு மாறியபோது அது தொலைந்தது. எந்த ஊர், எந்த மேடு என்பதுகூட இப்போது மறந்து போயிற்று.

காட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். "ஏனுங்க, பையன் என்ன தேடறானுங்க?"

பேரன் என் முகத்தைப் பார்த்தான். என் மேஜைத் துண்டின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பைக்குள் கையை விட்டபடியே நின்றான். அப்புறம் எடுத்து, கிடந்த இடத்திலேயே, கிடந்த பக்கமாகவே வைத்தான்.

"அந்த நெல்லை விதைச்சா முளைக்குமா தாத்தா?" என்றான்.

"இந்த மண்ணிலே எதைப் போட்டாலும் முளைக்குமுங்க தம்பி" என்றார் காட்டுக்காரர். நாங்கள் அவர் வரப்பிலேயே உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம்.