சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் அரசியலும்

வேதாகமத்தின் அதிகாரத்தையும் மனந்திரும்புதலையும் தனிமனித இரட்சிப்பையும் முதன்மையாகக் கொள்ளும் புராட்டஸ்டன்டுகள் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். ஆட்சியோடும் தேர்தலோடும் விசுவாசி எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி அவர்களிடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தீராமல் இருக்கிறது.

1785இல் மனந்திரும்பிய இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ், அரசியலை விட்டுவிடலாமா என்று போதகர் ஜான் நியூட்டனிடம் ஆலோசனை கேட்டார். முன்பு அடிமைக் கப்பல் தலைவராக இருந்த நியூட்டன், மன்றத்திலேயே இருந்து பணிசெய்யச் சொன்னார். அடிமை வணிகத்துக்கு எதிராக வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 1791இல் 88க்கு 163 என்ற வாக்குகளில் தோற்றது. அவர் விடவில்லை, 1807இல் வணிகம் தடைசெய்யப்பட்டது. இம்மரபின் மிக உயர்ந்த பக்கம் இது. அவர் தம் சபைக்குச் சலுகை கேட்கவில்லை, அந்த மன்றத்தில் குரலே இல்லாதவர்களுக்காகப் போராடினார்.

அதே வேதாகமம் எதிர்த்திசையிலும் வாசிக்கப்பட்டது. அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற பூசலில் பிறந்ததே 1845இன் அமெரிக்கச் சபைக் கூட்டமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன்.

பரிணாமப் பாடம் தொடர்பான 1925ஆம் ஆண்டின் ஸ்கோப்ஸ் வழக்குக்குப் பிறகு, கேலிக்கு ஆளான அமெரிக்க அடிப்படைவாதிகள் பலர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினர். 1965இல்கூட, போதகர்கள் அரசியல்வாதிகளாக அழைக்கப்படவில்லை என்று பாப்டிஸ்ட் போதகர் ஜெர்ரி பால்வெல் பிரசங்கித்தார். கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வேளையில் சொல்லப்பட்டதால், அந்த ஒதுங்கலும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான். அவரே 1979இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, மறு ஆண்டு அதிபர் தேர்தலில் ரீகனின் வெற்றிக்கு உழைத்தார். கருக்கலைப்பு எதிர்ப்போடு, இனப்பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கு பறிக்கப்பட்ட கோபமும் அந்த அணியைத் திரட்டியது.

வேறு வழியும் இருந்தது. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 150 நாடுகளிலிருந்து கூடியவர்கள், சுவிசேஷ ஊழியமும் சமூக, அரசியல் ஈடுபாடும் கிறிஸ்தவக் கடமையின் இரு பகுதிகள் என்று அறிவித்தனர். லத்தீன் அமெரிக்க இறையியலாளர்கள் ரெனே பாடிலா, சாமுவேல் எஸ்கோபார் ஆகியோரின் அழுத்தம் அதில் பெரிது. ஏழ்மையையும் ஒடுக்குமுறையையும் அருகிருந்து பார்த்தவர்களின் குரல் அது. அமெரிக்க மேடைகளை அது போதிய அளவு எட்டாதது பேரிழப்பு.

லோசான் மாநாட்டை முன்னின்று கூட்டியவர் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாம். அதிபர் நிக்சனுக்கு மிக நெருக்கமாக இருந்த அவர், அரசியலிலிருந்து விலகி நின்றிருக்க வேண்டும் என்று 2011இல் வருந்தினார். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் வெள்ளையினச் சுவிசேஷக் கிறிஸ்தவ வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் டிரம்புக்கு வாக்களித்தனர். 2019 டிசம்பரில், கிரஹாம் நிறுவிய ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் டிரம்பைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. தம் தந்தையும் டிரம்புக்கே வாக்களித்தார் என்று கிரஹாமின் மகன் பிராங்க்ளின் உடனே பதிலளித்தார்.