கருப்பண்ணசாமி காக்கும் தீர்த்தங்கரர்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாக மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சாலை உத்தமபாளையத்தை அடைகிறது. அங்குக் கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அவற்றை ஒட்டியுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அவற்றுள் அச்சணந்தி என்னும் அடிகளின் பெயரும் உண்டு. மதுரைக்கருகே ஆனைமலையிலும், பழனிக்கருகே ஐவர்மலையிலும் திருமேனி செய்வித்தவர் பெயராகக் காணப்படுவதும் இதுவே. ஊர்தோறும் சென்ற அத்துறவி, சென்ற இடத்து மக்கள் அறிந்த எழுத்திலேயே தம் பெயரைப் பொறிக்கச் செய்தார். அயலார் என்னும் எண்ணம் அகல இதனினும் நல்ல வழி வேறில்லை.

காலப்போக்கில் இப்பள்ளத்தாக்கில் சமணம் அருகியது. பாறையருகே காவல் தெய்வம் குடிகொண்டது. ஆயினும் அருகர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டு கடந்து இன்றும் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை பிற்காலத்தில் காப்பாற்ற வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அவ்விடத்துக்கு வந்து சென்றோர் கருப்பண்ணசாமியின் அடியார்களே. அக்கடன் நமக்கு நினைவில் இருத்தல் வேண்டும். மகாவீரர் ஜயந்தியை ஒட்டி அங்குச் செல்லும் நம்மவர், பூசாரியாரைக் கண்டு வணங்கி, ஊராரோடு சேர்ந்து பாறையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்து வரலாம். சிற்பங்களின்மீது எண்ணெயோ மஞ்சளோ பூசாதிருப்பதும் அப்பணியிற் சேர்ந்ததே.